சுண்டெலியின் பயம் மரபணுவில் எழுதியிருக்கிறதா?

கேள்வி இது: "மூளைச் செல்லில் ஒரு மரபணுவை எடுத்துவிட்டால் சுண்டெலி தன் பயத்தை மறந்துவிடுகிறது என்று படித்தேன். அப்படியென்றால் பயத்தின் நினைவு மரபணுவிலா இருக்கிறது? மறந்துவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அந்தப் பயம் குட்டிகளுக்கும் போகுமா?"

முதல் கேள்விக்குப் பதில், இல்லை. நினைவு தங்குவது நியூரான்கள் எனப்படும் நரம்புச் செல்களுக்கு நடுவே உள்ள இணைப்புகளில். எந்த நியூரான் அந்த நினைவைச் சுமக்கும், அது சில மணி நேரத்தில் கலைந்துவிடுமா நாள்கணக்கில் நிற்குமா, பின்னால் அதை மாற்ற முடியுமா என்பதில்தான் மரபணுக்களின் கை இருக்கிறது. ஆகவே "பயத்துக்கான மரபணு" என்று யாராவது சொன்னால், எந்தச் செல்லில், எந்த நேரத்தில் என்று திருப்பிக் கேளுங்கள். அதற்குப் பதில் இல்லாத செய்தியை நம்ப வேண்டாம்.

மரபணுக்களின் பங்கை விரிக்கும் முன் இரண்டாவது கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். அளக்கும் முறை புரியாமல் மற்றதைப் பேசிப் பயனில்லை.

சோதனைப் பெட்டியின் தரை முழுக்க ஸ்டீல் கம்பிகள். சோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே சுண்டெலியைத் தினமும் கையில் எடுத்துப் பழக்க வேண்டும். இல்லாவிட்டால் கையைக் கண்ட பயமும் கணக்கில் சேர்ந்துவிடும். பயிற்சி நாளில் பெட்டிக்குள் 2 அல்லது 3 நிமிடம் சும்மா சுற்ற விடுவார்கள். பிறகு 30 விநாடி ஓர் ஒலி. 2,800 ஹெர்ட்ஸ், 85 டெசிபல் என்பது பல ஆய்வுக்கூடங்களில் புழங்கும் அளவு. அந்த ஒலியின் கடைசி 2 விநாடியில் கம்பிகள் வழியாக 0.5 முதல் 0.7 மில்லியாம்பியர் வரை மின்னதிர்ச்சி. ஒரு நிமிடம் விட்டு, கூண்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவ்வளவுதான் பயிற்சி.

மறுநாள் அதே பெட்டியில் ஒலியும் இல்லாமல் அதிர்ச்சியும் இல்லாமல் 3 முதல் 5 நிமிடம் வைப்பார்கள். இது இடத்தைப் பற்றிய நினைவுக்கான சோதனை. இடத்தைப் பதிவுசெய்யும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸும், பயத்தைக் கையாளும் பகுதியான அமிக்டலாவும் சேர்ந்து செய்யும் வேலை. பிறகு வடிவம், தரை, வாசனை எல்லாம் மாற்றிய வேறு பெட்டியில் 3 நிமிடம் அமைதியாக வைத்து, அடுத்த 3 நிமிடம் ஒலியை மட்டும் கொடுப்பார்கள். ஒலி நினைவுக்கு ஹிப்போகாம்பஸ் அவ்வளவாகத் தேவையில்லை. அமிக்டலா இல்லாமல் நடக்காது. இடத்தை மறந்து ஒலியை மட்டும் நினைவில் வைத்திருக்கும் சுண்டெலிக்குக் கோளாறு ஹிப்போகாம்பஸ் பக்கம் என்று ஊகிக்கலாம். இரண்டையும் மறந்திருந்தால் அமிக்டலா பக்கம் பார்க்க வேண்டும், அல்லது அந்தச் சுண்டெலிக்கு அதிர்ச்சியே சரியாக உறைக்கவில்லை.

அளப்பது உறைந்து நிற்கும் நேரத்தை. பயந்த சுண்டெலி நான்கு காலையும் ஊன்றி அப்படியே நின்றுவிடும். மூச்சுக்கு விலா ஏறி இறங்குவதைத் தவிர மீசை முடிகூட ஆடாது. மொத்த நேரத்தில் எத்தனை சதவீதம் அப்படி நின்றது என்பதே மதிப்பெண். கேமராவும் மென்பொருளும் இதைக் கணக்கிடும். ஆனால் மூலையில் உட்கார்ந்து தூங்குவதையும் மென்பொருள் பயம் என்றே எழுதிவைக்கும், அதனால் சில வீடியோக்களையாவது மனிதக் கண்ணால் சரிபார்ப்பது நல்லது. பெண் எலிகளில் 2015-இல் ஒன்று கவனித்தார்கள்: உறைவதற்குப் பதில் சில எலிகள் ஒலி கேட்டதும் விருட்டென்று பாய்ந்து ஓடின. கற்றுக்கொண்டதன் அடையாளம்தான் அதுவும், ஆனால் உறைதலை மட்டும் அளப்பவர் கணக்கில் அது "பயமில்லை" என்றே விழும்.

இந்தச் சோதனை கெடுவது பெரும்பாலும் சில்லறைக் காரணங்களால்தான். சுண்டெலி பெய்த சிறுநீர் இரண்டு கம்பிகளை நனைத்துவிட்டால் மின்சாரம் உடம்பில் ஏறாமல் ஈரத்தின் வழியே போய்விடும். ஒவ்வொரு சுண்டெலிக்கும் இடையே 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து, காயவிட்டு, மீட்டர் வைத்து மின்னோட்டத்தைப் பார்க்க வேண்டும். பயிற்சி முடிந்த சுண்டெலியை, இன்னும் பயிற்சி பெறாத கூட்டாளிகள் இருக்கும் கூண்டில் உடனே விடக்கூடாது. அதன் வாசனையும் பதற்றமும் மற்றவற்றுக்குத் தொற்றிவிடும். ஒப்பீட்டுக் குழுவாக "உடனடி அதிர்ச்சி" கொடுக்கும் வழக்கமும் உண்டு. பெட்டிக்குள் வைத்த மறு கணமே அதிர்ச்சி கொடுத்து எடுத்துவிட்டால், சுண்டெலிக்கு வலி தெரியும், ஆனால் இடத்தை மனதில் பதியவைக்க நேரம் கிடைத்திருக்காது. மறுநாள் அது உறையாது. வலியால் வரும் மாற்றத்தையும் நினைவால் வரும் மாற்றத்தையும் பிரித்துக் காட்ட இதைவிட மலிவான வழி இல்லை.

மரபணு மாற்றிய சுண்டெலி என்றால் இன்னும் சில பொறிகள் காத்திருக்கின்றன. ஆய்வுக்கூடங்களில் எங்கும் காணப்படும் கறுப்புச் சுண்டெலி சி57பிஎல்/6. இதன் கெடெரின்-23 மரபணுவில் ஒரு மாற்றம் இருப்பதால் வயது ஏற ஏற அதிக அதிர்வெண் ஒலிகள் கேட்காமல் போகும். டிபிஏ/2 இனத்துக்கு இது சில வார வயதிலேயே தொடங்கிவிடும். வயதான சுண்டெலிக்கு உச்ச ஒலியைக் கொடுத்துவிட்டு "மறந்துவிட்டது" என்று எழுதினால், செவிட்டுத்தனத்தை மறதி என்று எழுதியதாகும். சி3எச் இனத்துக்கு விழித்திரை சிதைந்துபோகும், பெட்டியின் தோற்றமே தெரியாது. அதனால் நினைவைப் பற்றி வாய் திறக்கும் முன் காதைச் சோதிக்க வேண்டும். வலி உணர்வையும் சோதிக்க வேண்டும்: 0.05 மில்லியாம்பியரில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றி, எந்த அளவில் துணுக்குறுகிறது, எந்த அளவில் குதிக்கிறது, எப்போது கீச்சிடுகிறது என்று குறித்துக்கொள்வார்கள். மாற்றப்பட்ட குழுவும் சாதாரணக் குழுவும் இதில் சமமாக இருந்தால்தான் மேலே போகலாம்.

ஒப்பீட்டுக்கு ஒரே ஈற்றில் பிறந்தவைதான் வேண்டும். கடையில் வாங்கிய சுண்டெலி உதவாது. மாற்றிய மரபணுவின் ஒரு பிரதி மட்டும் உள்ள இரண்டைச் சேர்த்தால் குட்டிகள் 1:2:1 என்ற விகிதத்தில் பிறக்கும். குழுவுக்கு 10 வேண்டுமானால் சராசரியாக 40 குட்டிகள் தேவை, அதாவது ஆறேழு ஈற்று. ஒரே பாலினம் மட்டும் என்றால் அதற்கும் இரட்டிப்பு. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இந்தத் துறையின் வேகம் ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது என்பது இந்தக் கணக்கிலேயே புரிந்துவிடும்.

இப்போது மரபணுவுக்கு வருவோம்.

அமிக்டலாவின் பக்கவாட்டுப் பகுதியில் உள்ள ஒரு நியூரானுக்கு ஒலியின் செய்தியும் வலியின் செய்தியும் ஒரே நேரத்தில் வருகின்றன. அப்போது செல்லின் மேற்பரப்பில் வாயிலாக இருக்கும் என்எம்டிஏ ஏற்பி திறந்து கால்சியம் உள்ளே பாயும். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்து நினைவுக்கு இதுவே போதும். ஏற்கெனவே இருக்கும் புரதங்களில் பாஸ்பேட் ஏறி, இணைப்பு தற்காலிகமாக வலுக்கும். இந்தக் கட்டத்தில் புதிதாக எந்த மரபணுவும் வேலை செய்யத் தேவையில்லை. மறுநாள் வரை நிற்க வேண்டுமென்றால்தான் செய்தி செல்லின் கருவுக்குப் போக வேண்டும். அங்கே கிரெப் என்ற புரதத்தின் 133-ஆம் இடத்தில் உள்ள செரின் என்ற அமினோ அமிலத்தில் ஒரு பாஸ்பேட் ஏறுகிறது. கிரெப் உட்காரும் இடம் டிஎன்ஏவில் எட்டே எழுத்து: டி-ஜி-ஏ-சி-ஜி-டி-சி-ஏ. அங்கிருந்து சி-ஃபாஸ், ஆர்க், சிஃப்-268 போன்ற மரபணுக்கள் சில நிமிடங்களில் கண் விழிக்கின்றன.

இது வெறும் வரைபடம் இல்லை என்று காட்டியது 1994-இல் வந்த ஆய்வு. கிரெப்பின் இரண்டு வடிவங்கள் இல்லாத சுண்டெலிகளை, பயிற்சி முடிந்த அரை மணி நேரத்தில் அதே பெட்டியில் வைத்தால் மற்றவற்றைப் போலவே உறைந்தன. 24 மணி நேரம் கழித்து வைத்தபோது உறைவது வெகுவாகக் குறைந்திருந்தது. கற்றுக்கொள்வதில் குறையில்லை, தக்கவைப்பதில்தான் குறை. அந்த அரை மணிச் சோதனை இல்லாமல் இந்த முடிவுக்கு வந்திருக்கவே முடியாது. பிற்பாடு அதே சுண்டெலிகளுக்குப் பயிற்சியை இடைவெளி விட்டுக் கொடுத்தபோது நீண்டகால நினைவும் சரியாக வந்தது. மரபணு பழுதானால் கதவு மூடிவிடுகிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது; கதவைத் திறக்க அதிக நேரம் தட்ட வேண்டியிருக்கிறது. ஆர்க் மரபணு இல்லாத சுண்டெலிகளிலும் இதே வடிவம்தான்: குறுகிய கால நினைவு உண்டு, நீண்டது இல்லை.

ஆர்க் பற்றி ஒரு நுணுக்கம். அனுபவம் நடந்த 5 நிமிடத்தில் இதன் ஆர்என்ஏ, அதாவது மரபணு வேலை செய்யும்போது எடுக்கப்படும் நகல், செல்லின் கருவுக்குள் இரண்டு புள்ளிகளாகத் தெரியும். அரை மணியில் கருவை விட்டு வெளியே பரவியிருக்கும். சுண்டெலியை ஒரு பெட்டியில் வைத்து, 25 நிமிடம் கழித்து இன்னொரு பெட்டியில் வைத்து, 5 நிமிடத்தில் மூளையை எடுத்தால், ஒரே வெட்டுத் துண்டில் இரண்டு அனுபவங்களையும் பிரித்துப் படிக்கலாம். வெளியே ஆர்என்ஏ உள்ளவை முதல் பெட்டிக்கான செல்கள், கருவுக்குள் உள்ளவை இரண்டாவதற்கானவை, இரண்டிலும் உள்ளவை பொதுவானவை. சி-ஃபாஸ் புரதத்தைப் பார்க்க வேண்டுமென்றால் 60 முதல் 90 நிமிடம் காத்திருக்க வேண்டும். இந்த நேரங்களைத் தவறவிட்டால் செல்கள் வெறுமையாகத் தெரியும், ஆய்வாளர் "மரபணு வேலை செய்யவில்லை" என்று எழுதிவிடுவார். இன்னொரு பக்கம், கையில் தூக்கியதற்கும் புது இடத்துக்கும்கூட சி-ஃபாஸ் எழும். கூண்டை விட்டே வெளியே வராத ஒரு குழுவும், பெட்டியை மட்டும் பார்த்த ஒரு குழுவும் இல்லாமல் அந்தப் புள்ளிகளை எண்ணுவதில் அர்த்தமில்லை.

எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்தது அடுத்த விஷயம். அமிக்டலாவின் பக்கவாட்டுப் பகுதியில் பயச் செய்தியைப் பெறும் தகுதி பெரும்பாலான நியூரான்களுக்கு உண்டு. ஆனால் ஒரு நினைவில் சேருவது அவற்றில் சிறு பங்குதான். யார் உள்ளே, யார் வெளியே என்று எது தீர்மானிக்கிறது? டொராண்டோவில் ஷீனா ஜோசலின் குழு 2007-இல் ஒரு வைரஸ் மூலம் அங்கங்கே சில நியூரான்களில் மட்டும் கிரெப்பின் அளவை உயர்த்தியது. பயம் கற்ற பிறகு பார்த்தால், கிரெப் அதிகமுள்ள செல்கள் பக்கத்துச் செல்களைவிடப் பல மடங்கு அதிகமாக நினைவில் சேர்ந்திருந்தன. மொத்தம் சேர்ந்த செல்களின் எண்ணிக்கை மட்டும் கூடவில்லை. இருக்கும் இருக்கைகள் அவ்வளவுதான். கிரெப் அதிகமுள்ளவை முந்திக்கொண்டன. 2009-இல் அதே குழு, டிப்தீரியா நச்சைப் பயன்படுத்தி, பயிற்சிக்குப் பிறகு அந்தச் செல்களை மட்டும் கொன்றது. பயம் போயிற்று. அதே எண்ணிக்கையில் வேறு செல்களைக் கொன்ற குழுவில் பயம் அப்படியே இருந்தது. மறுபடி பயிற்சி கொடுத்தால் செல் இழந்த சுண்டெலிகள் புதிதாகப் பயத்தைக் கற்றன, ஆகவே அமிக்டலாவே பழுதாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது.

கிரெப் முந்தவைப்பது எப்படி? அந்த நேரத்தில் நியூரானை எளிதில் தூண்டப்படக்கூடியதாக அது மாற்றிவிடுகிறது. கிரெப்பைத் தொடாமல், தூண்டப்படும் தன்மையை மட்டும் பயிற்சிக்குச் சற்று முன் உயர்த்தினாலும் அதே செல்கள் தேர்வாகின்றன. இதிலிருந்து இன்னொன்றும் கிடைத்தது. ஒரு நினைவில் சேர்ந்த செல்கள் சில மணி நேரம் விழிப்பாகவே இருக்கும். 6 மணி நேரத்துக்குள் இன்னொரு பயம் வந்தால் அதே செல்கள் அதையும் பிடித்துக்கொள்ளும், இரண்டு நினைவும் பின்னிக்கொள்ளும். 24 மணி நேரம் கழித்து வந்தால் வேறு செல்கள்.

இதைச் செய்து பார்க்க விரும்பும் மாணவர்களுக்காக இரண்டு வரி. பக்கவாட்டு அமிக்டலாவுக்கு, மண்டையோட்டின் எலும்புத் தகடுகள் சேரும் பிரெக்மா புள்ளியிலிருந்து ஏறக்குறைய 1.4 மில்லிமீட்டர் பின்னால், 3.4 அல்லது 3.5 பக்கவாட்டில், 5 ஆழத்தில் ஊசி இறங்கும். வைரஸ் கரைசலை நிமிடத்துக்கு 0.1 மைக்ரோலிட்டர் வேகத்தில் விட்டு, ஊசியை 10 நிமிடம் அங்கேயே வைத்திருக்க வேண்டும். அவசரமாக இழுத்தால் வைரஸ் ஊசி வந்த தடத்தோடு மேலே ஏறி ஸ்ட்ரையேட்டம் என்ற வேறு மூளைப் பகுதியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஹெர்பிஸ் வகை வைரஸ் சில நாளில் உச்சத்துக்கு வந்து இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும், ஏஏவி என்ற இன்னொரு வகை வைரஸுக்கு இரண்டு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். மூளையை வெட்டிப் பார்த்து, ஊசி குறி தவறிய சுண்டெலிகளைக் கணக்கிலிருந்து நீக்குவது கட்டாயம். நீக்கும் விதியை முடிவு தெரிவதற்கு முன்பே எழுதிவைத்திருக்க வேண்டும்.

சி-ஃபாஸ் மரபணுவின் தொடக்கப் பகுதியையே கருவியாக்கியவர்களும் உண்டு. எம்ஐடியில் சுசுமு டோனெகாவாவின் குழு, சி-ஃபாஸ் எழும் செல்களில் ஒளிக்குத் திறக்கும் புரதம் உருவாகும்படி செய்தது. தீனியில் டாக்சிசைக்ளின் கலந்திருக்கும்வரை இந்த ஏற்பாடு உறங்கும்; மருந்தை நிறுத்திய ஒன்றிரண்டு நாளில் விழித்துவிடும், மருந்தைத் திரும்பக் கொடுத்தால் மூடிக்கொள்ளும். 2012-இல், பயம் கற்றபோது குறியிடப்பட்ட ஹிப்போகாம்பஸ் செல்களில் நீல ஒளியைப் பாய்ச்சியதும், சம்பந்தமே இல்லாத பெட்டியில் சுண்டெலி உறைந்து நின்றது. 2013-இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: முதல் பெட்டியின் செல்களைக் குறியிட்டு, இரண்டாவது பெட்டியில் அதிர்ச்சி கொடுக்கும்போது அந்தச் செல்களைத் தூண்டினார்கள். அதிர்ச்சியே வாங்காத முதல் பெட்டியைக் கண்டு பிறகு சுண்டெலி பயந்தது. இந்த முறையின் பலவீனம் அதன் ஜன்னல்தான். மருந்து இல்லாத அந்த ஒன்றிரண்டு நாளில் கூண்டு மாற்றியதும் பக்கத்து அறையில் டிரில் போட்டதும்கூடக் குறியாகப் பதிந்துவிடும்.

குறியிடும் மரபணுவை மாற்றினால் கிடைக்கும் செல்களும் மாறுகின்றன என்பது 2020-இல் தெளிவானது. ஹிப்போகாம்பஸின் டென்டேட் பகுதியில் ஃபாஸ் வழியாகக் குறியான கூட்டம் பயத்தை மற்ற இடங்களுக்கும் பரப்பியது. என்பாஸ்-4 என்ற மரபணு வழியாகக் குறியான கூட்டம் "அந்தப் பெட்டி வேறு, இந்தப் பெட்டி வேறு" என்று பிரித்தறிய உதவியது. ஒரே நினைவுக்குள் இரண்டு அணிகள்.

எல்லா மரபணுவையும் எடுத்தால் பயம் குறையும் என்றும் நினைக்க வேண்டாம். அமிக்டலாவில் மற்றச் செல்களை அடக்கிவைக்கும் நியூரான்களில், ஜிஆர்பி என்ற வேதிச் செய்தியைப் பெறும் ஏற்பியை நீக்கினால் பிரேக் தளர்ந்து, கற்ற பயம் கூடுகிறது. ஸ்டாத்மின் மரபணுவை நீக்கினால் கற்ற பயத்தோடு பிறவிப் பயமும் குறைகிறது. அப்படிப்பட்ட தாய்கள் குட்டிகளைத் தூக்கி வருவதிலும் பாதுகாப்பான இடம் பார்த்துக் கூடு வைப்பதிலும் பின்தங்கின. பயம் கொஞ்சம் இருந்தால்தான் குடும்பம் நடக்கும் போலிருக்கிறது.

ஒரு மரபணுவைப் பிறப்பிலிருந்தே நீக்குவதில் உள்ள ஆபத்துக்குப் பெயர்போன உதாரணம் பிகேஎம்-ஸீட்டா. நினைவைத் தாங்கிப் பிடிக்கும் மூலக்கூறு என்று பல ஆண்டுகள் பேசப்பட்டது. 2013-இல் இரண்டு குழுக்கள் அதை நீக்கிப் பார்த்தபோது சுண்டெலிகளின் நினைவு நன்றாகவே இருந்தது. உறவுக்காரப் புரதம் ஒன்று அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது என்பது அதன் ஆதரவாளர்கள் பின்னர் தந்த விளக்கம். வளர்ந்த சுண்டெலியில், வேண்டிய இடத்தில், வேண்டிய வாரத்தில் மரபணுவை வெட்டும் கிரி-லாக்ஸ் முறைக்கு மதிப்பு கூடியது இதனால்தான்.

செய்தியில் நீங்கள் படித்தது 2024-இல் நேச்சர் இதழில் வந்த டிஎல்ஆர்-9 ஆய்வாக இருக்கலாம். யெலெனா ராடுலோவிச் குழு கண்டது இது: பயப் பயிற்சிக்குப் பிறகு ஹிப்போகாம்பஸின் சில நியூரான்களில் டிஎன்ஏவின் இரட்டை இழையே முறிகிறது. முறிவது புதிய செய்தி இல்லை. சி-ஃபாஸ் போன்ற மரபணுக்கள் வேகமாகத் திறக்க நியூரான் தன் டிஎன்ஏவைத் தானே வெட்டிக்கொள்கிறது என்று 2015-லேயே காட்டியிருந்தார்கள். இந்த ஆய்வில் புதிது, முறிந்த துண்டுகளை உணரும் டிஎல்ஆர்-9 என்ற மரபணு. கிருமிகளின் டிஎன்ஏவைக் கண்டுபிடிக்க நோயெதிர்ப்புச் செல்கள் வைத்திருக்கும் அதே கருவி இது. இதை அந்த நியூரான்களில் நீக்கினால் இடப் பயத்தின் நினைவு குலைகிறது, டிஎன்ஏ பழுதுபார்ப்பும் தடுமாறுகிறது. மரபணுவை எடுத்ததும் பயம் அழிந்தது என்ற தலைப்பில் இந்த இரண்டாவது பாதி காணாமல் போயிருக்கும்.

பழைய பயம் ஏன் பிடிவாதமாக இருக்கிறது என்பதிலும் மரபணுக்களின் கட்டுமானத்துக்குப் பங்கு உண்டு. டிஎன்ஏவை இறுக்கிச் சுற்றிவைக்கும் எச்டிஏசி-2 நொதி அதிகமானால் நினைவு மங்கும், குறைந்தால் கூர்மையாகும் என்று 2009-இல் காட்டினார்கள். ஒரு நாள் வயதான பயத்தை, நினைவூட்டி உடனே அதிர்ச்சியில்லாத பயிற்சிகளைத் தொடர்ந்து கொடுத்தால் தணிக்கலாம். 30 நாள் ஆன பயம் அதற்கு மசியாது. 2014-இல் இந்த நொதியைத் தடுக்கும் மருந்தை அந்தப் பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்தபோது 30 நாள் பயமும் தணிந்தது. மருந்து மட்டும் கொடுத்தால் பயனில்லை, பயிற்சியும் வேண்டும்.

கடைசியாக, குட்டிகளுக்குப் போகுமா என்பது. எமரி பல்கலைக்கழகத்தில் பிரையன் டயஸும் கெரி ரெஸ்லரும், அசெட்டோஃபீனோன் என்ற வாசனையோடு அதிர்ச்சியைச் சேர்த்து ஆண் சுண்டெலிகளுக்குக் கொடுத்தார்கள். அவற்றின் குட்டிகளும் பேரக்குட்டிகளும், அந்த வாசனையை அதற்குமுன் முகர்ந்ததே இல்லாமல், அதைக் கண்டு கூடுதலாகத் துணுக்குற்றன. அந்த வாசனையை உணரும் மூக்கு நியூரான்களும் அவற்றில் கூடியிருந்தன, விந்தணுவில் அந்த வாசனைக்கான ஏற்பியின் மரபணுவில், மரபணுவை அடக்கிவைக்கும் மெத்தில் குறிகள் குறைந்திருந்தன. எண்கள் சந்தேகத்துக்கிடமான அளவு ஒழுங்காக இருக்கின்றன என்று புள்ளியியல் தரப்பிலிருந்து விமர்சனம் வந்தது. மூக்கில் நடந்தது விந்தணுவுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதற்குத் திருப்தியான வழியும் காட்டப்படவில்லை. முழுதாக நம்பினாலும்கூட, குட்டிக்குப் போனது ஒரு வாசனைக்கான கூர்மைதான். அப்பா நின்ற பெட்டியும் கம்பித் தரையும் அதிர்ச்சியும் அதற்குத் தெரியாது. அமிக்டலாவில் அப்பாவின் நினைவைச் சுமந்த செல்களும் அவற்றின் இணைப்புகளும் அப்பாவோடேயே போய்விடுகின்றன.